கோட்டை கட்டாத ராஜா: செஸ் வீரர் மீர் சுல்தான் கான்



நம்ம ஊர்ப் பேரை முழுசா எழுதினா அதுல ஒரு விளையாட்டோட பேரும் சேர்ந்தே வரும். சதுரங்கப்பட்டினம்! வெளியூர்க்காரங்க சட்ராஸ்னு சுருக்கிச் சொல்லிடுறாங்க. ஆனா நாம தினமும் நோட்டு அட்டையில சதுரங்கம்னு எழுதிக்கிட்டுதான் இருக்கோம். சதுரங்கம் என்றால் நான்கு அங்கம். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு வகைப் படைகளைத்தான் அது குறிக்கும்.

2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நமக்குப் பக்கத்திலேயே, மாமல்லபுரத்தில், 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யை ஈசிஆர் ரோடு முழுக்கப் பார்த்தோம். அதுக்கப்புறம்தான் எனக்கும் செஸ் மேல ஆசை வந்தது. நூலகத்தில் செஸ் வரலாறு தேடிப் படிக்கும்போது ஒரு பேர் கண்ணில் பட்டது. மீர் சுல்தான் கான். ஆனந்தைத் தெரியும், குகேஷைத் தெரியும். இவர் யாருன்னு நம்ம வகுப்பிலேயே பல பேருக்குத் தெரியாது. அதனால் இந்த மாத ‘அறிவோம் ஆளுமையை’ பகுதிக்கு இவரையே எடுத்துக்கொண்டேன். எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கும். கிட்ட வந்து பொறுமையா படிங்க.

பிறப்பும் முதல் பலகையும்

சுல்தான் கான் 1900-களின் தொடக்கத்தில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில் மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயசுல அப்பாதான் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். இருபத்தோரு வயசுக்குள்ள பஞ்சாபிலேயே சிறந்த ஆட்டக்காரர்னு பேர் எடுத்துட்டார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அவர் கற்றுக்கொண்டது நாம் இப்போது ஆடும் செஸ் இல்லை. அந்தக் காலத்து இந்தியச் சதுரங்கம். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க.

1. நம்ம ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். பழைய ஆட்டத்தில் ஒரு கட்டம்தான்.

2. நம்ம ஆட்டத்தில் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்தி ‘கோட்டை கட்டலாம்’. பழைய ஆட்டத்தில் அது கிடையாது. அதுக்குப் பதிலா ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம்.

3. நம்ம ஆட்டத்தில் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணியாக மாற்றிக்கொள்ளலாம். பழைய ஆட்டத்தில் எந்த வரிசையில் போய்ச் சேருதோ, அந்த இடத்துக்கு உரிய காயாகத்தான் மாறும். யானை வரிசையில் போனால் யானை, குதிரை வரிசையில் போனால் குதிரை.

சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால் இரண்டு பக்கப் படையும் மோதிக்கொள்ளவே ரொம்ப நேரம் ஆகும். அதனால அவசரம் இல்லாம, நிதானமா படையை அமைக்கிற பழக்கம் அந்த ஆட்டக்காரர்களுக்கு வந்தது. இதை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

லண்டன் பயணம்

சர் உமர் ஹயாத் கான் என்பவர் பஞ்சாபின் பெரிய நிலக்கிழார், செஸ் பிரியர். சுல்தான் கானின் திறமையைப் பார்த்து, அவரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஐரோப்பிய முறை ஆட்டத்தைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928-இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டத்தில் எட்டு வெற்றி, ஒரு டிரா. தோல்வியே இல்லை!

1929-இல் உமர் ஹயாத் கான் லண்டன் போனார். சுல்தான் கானையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பழகிக்கொள்வதற்காக ஒரு சின்னப் பயிற்சிப் போட்டி வைத்தார்கள். அதில் சுல்தான் கான் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். காரணம் என்னன்னா, ஓப்பனிங். அதாவது ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்கள். ஐரோப்பாவில் அதுக்குன்னே புத்தகம் புத்தகமா எழுதி வச்சிருந்தாங்க. எதிராளிகள் அதைச் சின்ன வயசிலிருந்து மனப்பாடம் பண்ணினவங்க. இவர் ஒவ்வொரு நகர்த்தலையும் பலகையின் முன்னால் உட்கார்ந்து, சொந்தமா யோசிச்சுக் கண்டுபிடிக்கணும்.

அந்தப் போட்டியில் ஆடிய வில்லியம் விண்டர், பிரெடரிக் யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில வீரர்கள் அவருக்கு ஓப்பனிங் சொல்லிக்கொடுத்தார்கள். சில வாரம் கழித்து ராம்ஸ்கேட் என்ற கடலோர ஊரில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடந்தது. பட்டம் வென்றவர் யார் தெரியுமா? சுல்தான் கான். பயிற்சிப் போட்டியில் கடைசி, பட்டப் போட்டியில் முதல். இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அதன் பிறகு 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டம் அவருக்கே. நான்கு முறை ஆடி மூன்று முறை சாம்பியன்!

கேபபிளாங்காவை வென்ற ஆட்டம்

இனி நான் பலகையில் காய் வச்சு, ஒரு வாரம் உக்காந்து படிச்ச ஆட்டத்தைச் சொல்றேன்.

கியூபா நாட்டு வீரர் ஜோஸ் ரவுல் கேபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் ஒரு போட்டி ஆட்டத்தில் கூடத் தோற்காதவர். அப்படிப்பட்டவர் 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சுல்தான் கானுக்கு எதிரே உட்கார்ந்தார். வெள்ளைக் காய் சுல்தான் கானுக்கு, கறுப்பு கேபபிளாங்காவுக்கு.

பலகை இல்லாதவங்க நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டுக்கங்க. கீழே இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை. காய்களுக்கு நாம சொல்ற பேரே போதும்: ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய்.

1. வெள்ளை: குதிரை எஃப்3. கறுப்பு: குதிரை எஃப்6.
2. வெள்ளை: சிப்பாய் டி4. கறுப்பு: சிப்பாய் பி6.
3. வெள்ளை: சிப்பாய் சி4. கறுப்பு: பிஷப் பி7.
4. வெள்ளை: குதிரை சி3. கறுப்பு: சிப்பாய் இ6.
5. வெள்ளை: சிப்பாய் ஏ3. கறுப்பு: சிப்பாய் டி5.
6. வெள்ளை: சி-சிப்பாய் டி5-இல் வெட்டுகிறது. கறுப்பு: இ-சிப்பாய் திரும்ப வெட்டுகிறது.
7. வெள்ளை: பிஷப் ஜி5. கறுப்பு: பிஷப் இ7.

கறுப்பு ஆடும் இந்த முறைக்கு ‘குயின்ஸ் இண்டியன்’ தடுப்பு என்று பேர். ஏன் இண்டியன்? நடுக்கட்டத்துக்குச் சிப்பாயை உடனே தள்ளாமல், ஓரத்தில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடைவெளியில் பிஷப்பை வைப்பது நம்ம நாட்டு ஆட்டக்காரர்களின் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் காக்ரேனோடு பல ஆட்டங்கள் இந்த மாதிரி ஆடியிருக்கிறார். அதுதான் பின்னால் ‘இந்தியத் தடுப்பு’ என்று உலகம் முழுக்கப் பரவியது. வேடிக்கையைப் பாருங்க. கியூபாக்காரர் இந்தியத் தடுப்பு ஆடுறார். எதிரே உக்காந்திருக்கிறவர் இந்தியர்!

இப்போ வெள்ளையின் ஐந்தாவது நகர்த்தலைக் கவனிங்க. ஓரச் சிப்பாய் ஏ3. முதலில் பார்க்கும்போது எனக்கு இது வீண் நகர்த்தல் மாதிரிதான் தெரிஞ்சது. பலகையில் வச்சுப் பார்த்தபோதுதான் புரிந்தது. கறுப்பின் இன்னொரு பிஷப் பி4-க்கு வந்தால் சி3-இல் இருக்கும் குதிரையை அசைய விடாமல் கட்டிப்போடும். ஏ3 சிப்பாய் அந்தக் கட்டத்தைக் காவல் காக்கிறது. இந்த ஏ3 முறை பின்னாளில் சோவியத் உலக சாம்பியன் டிக்ரான் பெட்ரோசியனின் பேரோடு சேர்த்துச் சொல்லப்பட்டது.

ஆறாவது நகர்த்தல் இன்னும் அழகு. சிப்பாயும் சிப்பாயும் வெட்டிக்கொண்ட பிறகு டி5-இல் கறுப்பின் சொந்தச் சிப்பாய் நிற்கிறது. பி7-இல் இருக்கும் பிஷப் சாய்வாகப் பார்த்தால் அதன் பாதையை அந்தச் சிப்பாயே மறைக்கிறது. வீட்டு வாசல்ல நாமளே மூட்டையைப் போட்டு வச்ச மாதிரி! ஆட்டத்தில் பாதிக்கு மேல் அந்த பிஷப் அங்கேயே அடைபட்டுக் கிடந்தது.

பன்னிரண்டாவது நகர்த்தலில் சுல்தான் கான் குதிரையை பி5-க்குத் தாண்டவிட்டார். கறுப்பு, இ7-இல் இருந்த பிஷப்பை டி6-இல் வைத்துத் தடுத்தது. குதிரை அதை வெட்டியது, கறுப்பின் சி-சிப்பாய் திரும்ப வெட்டியது. இப்போ கறுப்புக்கு டி5, டி6 என்று ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். வெள்ளைக்கு இரண்டு பிஷப்பும் பத்திரம்.

இதுவரைக்கும் நாம் பார்த்ததில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் சின்னச் சின்ன லாபம். நம்ம பக்கம் மீனவர்கள் வலை பின்னுவதைப் பார்த்திருப்பீங்க. ஒரு கண்ணி மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. முழுசா விரிச்சாதான் வலைன்னு தெரியும்.

இன்னொன்று. வெள்ளை ராஜா இந்த ஆட்டம் முழுக்கக் கோட்டை கட்டவே இல்லை! நடுவிலேயே நின்றார். கேபபிளாங்கா சி வரிசை வழியாக இரண்டு யானைகளையும் உள்ளே கொண்டுவந்து ராஜாவுக்கு செக் வைத்தார். சுல்தான் கான் பதறவில்லை. 23-ஆவது நகர்த்தலில் தன் ராணியைக் கொடுத்து, இரண்டு யானைகளையும் வாங்கிக்கொண்டார். நாம ஆடும்போது ராணி போச்சுன்னா பலகையைக் கவுத்துட்டு எழுந்துடுவோம். இவர் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். கறுப்பு ராணி தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. வெள்ளைப் படை மெதுவாக, கட்டம் கட்டமாக நெருங்கியது. கடைசியில் பி வரிசையில் ஒரு வெள்ளைச் சிப்பாய் தடுக்க ஆளில்லாமல் முன்னேற, 65-ஆவது நகர்த்தலில் கேபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

யோசிச்சுப் பாருங்க. பழைய இந்தியச் சதுரங்கமாக இருந்தால் பி வரிசையில் போன சிப்பாய் குதிரையாகத்தான் மாறும். ஐரோப்பிய ஆட்டத்தில் அது ராணியாகலாம். சின்ன வயசில் கற்ற பொறுமையும், பெரியவனான பிறகு கற்ற புது விதியும் சேர்ந்துதான் அந்த வெற்றியைக் கொடுத்தது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததற்குக் காரணமே இதுதான்.

அந்தப் போட்டியில் பின்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவே முதலிடம், கேபபிளாங்கா இரண்டாமிடம், சுல்தான் கான் மூன்றாமிடம்.

மேலும் சில வெற்றிகள்

1930 ஹாம்பர்க், 1931 பிராக், 1933 ஃபோக்ஸ்டோன் ஆகிய மூன்று ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணிக்கு முதல் பலகையில் ஆடியவர் சுல்தான் கான். பிராக் நகரில் மட்டும் 8 வெற்றி, 7 டிரா, 2 தோல்வி. அங்கே அகிபா ரூபின்ஸ்டைனையும் சாலோ ஃப்ளோரையும் வென்றார். அப்போதைய உலக சாம்பியன் அலெகினோடு டிரா செய்தார். 1931-இல் சேவியலி டார்டகோவரோடு 12 ஆட்டம் கொண்ட தனிப் போட்டியில் நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து டிரா என்று ஜெயித்தார்.

இதெல்லாம் உடம்பு நல்லா இருந்து ஆடினதில்லை. இங்கிலாந்துக் குளிர் அவருக்கு ஒத்துக்கவே இல்லை. மலேரியாக் காய்ச்சலும் தொண்டை வலியும் அடிக்கடி வரும். கழுத்தில் துணி சுத்திக்கிட்டே போட்டிக்கு வருவாராம்.

அதே வீட்டைச் சேர்ந்த ஃபாத்திமா என்ற பெண்ணும் 1933-இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டம் வென்றார். தங்கைகளே, இதைக் கொஞ்சம் அழுத்திப் படிங்க!

ஆட்டம் நின்ற கதை

1933-ஆம் ஆண்டின் கடைசியில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அவ்வளவுதான். 1935-இல் கடில்கர் என்ற இந்திய வீரரோடு பத்து ஆட்டம் ஆடி ஒன்பதரைப் புள்ளி எடுத்தார். அதன்பின் பெரிய போட்டி எதிலும் அவர் பேர் இல்லை. ஐந்து வருஷத்துக்குள்ள உலகத்தின் முதல் பத்துப் பேரில் ஒருவராக எண்ணப்பட்டவர், தன் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். 1966 ஏப்ரல் 25-இல் சர்கோதாவில் காலமானார். தன் பிள்ளைகளுக்கு அவர் செஸ் சொல்லிக்கொடுக்கவில்லை, வேறு உருப்படியான வேலையைப் பார்க்கச் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. இந்த வரியை எழுதும்போது எனக்குக் கஷ்டமா இருந்தது.

பல கட்டுரைகளில் அவரை எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்று எழுதியிருப்பார்கள். அவருடைய குடும்பத்தார் இதை மறுத்திருக்கிறார்கள். அவர் நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர், படிக்கத் தெரிந்தவர் என்பது அவர்கள் சொல்வது. ஏழை வேலைக்காரன் உலக சாம்பியனை ஜெயிச்சான்னா கதைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா கதை நல்லா இருக்கணும்னு ஒருத்தர் வாழ்க்கையை மாத்தி எழுதக்கூடாது இல்லையா? அவர் ஆடிய ஆட்டங்களே போதும்.

1950-இல் உலக செஸ் கூட்டமைப்பு முதல்முறையாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. ரூபின்ஸ்டைன், டார்டகோவர், ஃப்ளோர், யூவே எல்லோருக்கும் கிடைத்தது. சுல்தான் கானுக்குக் கிடைக்கவில்லை. அவர் இறந்து 58 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

சுல்தான் கான் புத்தகமே படிக்காமல் ஜெயித்தார், அதனால் நாமும் ஓப்பனிங் படிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கடைசி இடத்துக்கு வந்ததும் அவர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் கிடைத்தார்கள். அதுதான் அவரை மேலே கொண்டுவந்தது. திரும்பி வந்த பிறகு அவருக்குத் திறமை குறையவில்லை. எதிரே உட்கார சமமான ஆளும், போவதற்குப் போட்டியும் இல்லாமல் போச்சு. அவர் எப்போ ஆடணும், எப்போ நிறுத்தணும் என்பது இன்னொருவரின் பயணத்தைப் பொறுத்து இருந்தது.

இந்திய அணி ஒலிம்பியாடில் முதன்முதலாக ஆடியது 1956-இல். நம்ம தமிழ்நாட்டு மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மாமல்லபுரத்தில் 2022-இல் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்து முதல் பலகைக்கான தங்கம் வாங்கினார். 2024 டிசம்பரில் உலக சாம்பியன் பட்டமும் வென்றார். நடுவில் கிளப்புகள் வந்தன, பயிற்சியாளர்கள் வந்தார்கள், போட்டிகள் வந்தன. சுல்தான் கானுக்கு ஊரில் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்ம பள்ளியில் இருக்கிற செஸ் பலகைகள் விளையாட்டு விழா வாரத்தில் மட்டும் வெளியே வருது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எடுத்துக் கொடுத்தால் நாங்களே ஆடிக்கொள்வோம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் என்னிடம் எந்த இடைவேளையிலும் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரலாம். காய் நகர்த்தத் தெரியாட்டியும் பரவாயில்லை.

மூளைக்கு வேலை

பழைய இந்தியச் சதுரங்க முறைப்படி, சி வரிசையில் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேரும் சிப்பாய் எந்தக் காயாக மாறும்? கட்டுரையை ஒழுங்கா படிச்சவங்களுக்கு இது சுலபம். விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, கீழே ஒட்டியிருக்கும் உறையில் போடுங்க. சரியான விடை அடுத்த மாத இதழில்.

— 11-ஆம் வகுப்பு மாணவி